மைக்ராஸ்கோப் அடுத்து எங்கே பார்க்க வேண்டும்?

கேள்வி இதுதான்: அமெரிக்காவில் நாக்ஸ்வில்லில் இருக்கும் டென்னசி பல்கலைக்கழகத்தில் மைக்ராஸ்கோப்பையும் செயற்கை நுண்ணறிவையும் சேர்த்து வேலை செய்யும் ஒரு குழு இருக்கிறதே, அங்கே உண்மையில் என்ன நடக்கிறது? பூனைப் படம், நாய்ப் படம் பிரிப்பதுபோல, படத்தைக் காட்டினால் "இது அணு, இது குறை (அணுக்களின் ஒழுங்கு குலைந்த இடம்)" என்று கணினி சொல்வது மட்டும்தானா? மெட்டீரியல்ஸ் சயின்ஸ் படித்த ஒருவர் அந்தப் பக்கம் போகலாமா?

போகலாமா என்பதைக் கடைசியில் பார்ப்போம். முதல் கேள்விக்குப் பதில், அது மட்டும் இல்லை. அணுவை அடையாளம் காண்பது இந்தக் கதையின் தொடக்கம்தான். இப்போது அவர்கள் மண்டையை உடைத்துக்கொள்வது வேறொரு விஷயத்துக்காக: ஒரு இடத்தை அளந்து முடித்த பிறகு, மைக்ராஸ்கோப் அடுத்து எந்த இடத்துக்குப் போக வேண்டும்? இதை யார் தீர்மானிப்பது, ஆளா கருவியா? கேட்க எளிதாக இருக்கிறது. நானும் பல வருடம் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் முன்னால் இருட்டறையில் உட்கார்ந்தவன்தான். இந்தத் துறையில் இதைவிடக் கடினமான கேள்வி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

குழுவைப் பற்றி முதலில் கொஞ்சம். அதை நடத்துபவர் செர்கேய் கலினின். மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். 2002இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கிய கையோடு ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகத்துக்குப் போனார். அங்கே இருபது வருடம். அப்புறம் ஒரு வருடம் அமேசான், 2023இல் டென்னசி பல்கலைக்கழகம். ஊர் மாறினாலும் பெரிய தூரம் மாறவில்லை. ஓக் ரிட்ஜ் என்பது அணுகுண்டுக்கான மன்ஹாட்டன் திட்டத்துக்காகவே உருவாக்கப்பட்ட ஊர். நாக்ஸ்வில்லுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. 2000ஆம் ஆண்டிலிருந்து அந்த ஆய்வகத்தை நிர்வகிப்பதில் டென்னசி பல்கலைக்கழகத்துக்கும் பங்கு உண்டு. அதனால் இரண்டு இடத்துக்கும் ஆள், கருவி, மாணவர் எல்லாம் போய்வந்துகொண்டே இருப்பார்கள். இந்தக் குழுவின் வேலையைப் பேசும்போது ஓக் ரிட்ஜைத் தனியாகப் பிரித்துப் பேச முடியாது.

இப்போது பிரச்சினைக்கு வருவோம். டிரான்ஸ்மிஷன் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் வைக்கும் சாம்பிள், 3 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு சின்ன வட்டு. தனித்தனி அணு தெரியும் அளவுக்குப் பெரிதாக்கினால், திரையில் விழுவது ஏறக்குறைய 20 நானோமீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள் (ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர்). 1 மில்லிமீட்டர் நீளத்துக்குள் அப்படி 50,000 துண்டுகள் இருக்கும். 1 சதுர மில்லிமீட்டருக்குள் 250 கோடி. ஒரு நாள் முழுக்க ஸ்லாட் கிடைத்து, பீம் (சாம்பிள் மேல் பாய்ச்சும் எலக்ட்ரான் கற்றை) சொன்னபடி கேட்டு, சாம்பிள் ஆடாமல் இருந்தால் நூறு நல்ல படம் கிடைக்கலாம். அந்த நூறை வைத்துத்தான் "இந்தப் பொருள் இப்படி" என்று கட்டுரை எழுதுகிறோம்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். பானை முழுக்க ஒரே சீராக வெந்திருந்தால் அது சரி. மெட்டீரியல்ஸ்காரர் தேடுவது பெரும்பாலும் அடிப்பிடித்த இடத்தை. உலோகம் எங்கே விரிசல் விடத் தொடங்குகிறது, பேட்டரி மின்முனையில் எந்த மூலை முதலில் கெடுகிறது, சோலார் செல்லில் எந்த எல்லையில் மின்சாரம் வீணாகிறது, இப்படி. அது அபூர்வமான இடம். கண்ணை மூடிக்கொண்டு எடுத்த ஒரு சோற்றுப் பருக்கையில் அது அகப்படாது.

சரி, எல்லா இடத்தையும் அளந்துவிட்டால் என்ன? படம் எடுப்பது சில நொடி, சில நிமிட வேலைதான். ஆனால் ஒவ்வொரு புள்ளியிலும் பொருளின் குணத்தை அளப்பது மெதுவான வேலை. உதாரணத்துக்கு, ஒரு மெல்லிய ஊசிமுனையைப் பரப்பின் மேல் வைத்து மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி, அந்தப் புள்ளி எப்படி எதிர்வினை காட்டுகிறது என்று ஒரு வளைகோடு எடுக்கிறோம். புள்ளிக்கு ஒரு நொடி என்றே வைப்போம். 256 × 256 கட்டம் என்றால் 65,536 புள்ளிகள். 18 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் ஊசிமுனை தேய்ந்துவிடும், சாம்பிள் நகர்ந்துவிடும், இரவில் ஏசி நின்று நின்று ஓடினால் அதுவும் படத்தில் தெரியும். எலக்ட்ரான் பீம் என்றால் இன்னொரு தலைவலி. பார்க்கப் பார்க்கப் பொருள் கெடுகிறது. மூன்றாவது முறை பார்க்கும்போது நீங்கள் பார்ப்பது முதலில் இருந்த பொருளை இல்லை. ஆக, அளவீடு என்பது கைச்செலவுக்குக் கொடுத்த காசு மாதிரி. எண்ணித்தான் செலவழிக்க வேண்டும்.

இதற்கு முதலில் வந்த விடை, நீங்கள் கேட்ட பூனை–நாய் வழிதான். 2015இல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் படங்களுக்காக யூ-நெட் என்ற நரம்பு வலையமைப்பை, அதாவது உதாரணங்களைக் காட்டிப் பழக்கும் ஒரு கணினி நிரலை, உருவாக்கினார்கள். ஒரு படத்தில் ஒவ்வொரு பிக்ஸலும் எதைச் சேர்ந்தது என்று அது பிரித்துச் சொல்லும். 2017இல் ஓக் ரிட்ஜில் மாக்சிம் ஜியாத்தினோவ், கலினின் முதலியோர் இதே வகை உத்தியை அணுப் படங்களில் போட்டுப் பார்த்தார்கள். கணினியில் கற்பனையாகச் செய்த படங்களைக் காட்டிப் பழக்கிவிட்டு, நிஜப் படத்தைக் கொடுத்தால், அணுக்களையும் குறைகளையும் குறித்துக் கொடுத்தது. மனிதர் உட்கார்ந்து எண்ணினால் வாரக்கணக்கில் ஆகும் வீடியோவை மளமளவென்று முடித்தது. பிறகு ஜியாத்தினோவ் அதை ஆட்டம்ஏஐ என்ற இலவச மென்பொருளாகவே வெளியிட்டார்.

அங்கே நின்றிருந்தால் சொல்வதற்கு இவ்வளவு இருந்திருக்காது. சிக்கல் எங்கே வந்தது என்றால், நேற்றுப் பழக்கிய வலையமைப்பு இன்று காலை வேலை செய்யவில்லை. ஃபோகஸ் இம்மி மாறினாலும், பீம் மின்னோட்டம் குறைந்தாலும், சாம்பிளின் தடிமன் வேறாக இருந்தாலும் அதற்குக் குழப்பம். எனக்கே இந்த அனுபவம் உண்டு. முன்பு வேலை பார்த்த ஒரு ஆய்வகத்தில் நானோ துகள்களை எண்ணுவதற்கு இப்படி ஒரு வலையமைப்பைப் பழக்கி வைத்திருந்தோம். பிரமாதமாக எண்ணியது. அடுத்த வாரம் வேறொருவர் டிடெக்டரின் கெயினை (சிக்னலை எவ்வளவு பெருக்குவது என்ற அளவை) மாற்றி வைத்துவிட்டுப் போயிருந்தார். அன்றைக்கு அது, துகளே இல்லாத வெறும் கார்பன் ஃபிலிமில் நூற்றுக்கணக்கான துகள்களைக் கண்டுபிடித்தது! அதுவும் துளி சந்தேகம் இல்லாமல். தப்பு செய்ததில் எனக்கு வருத்தமில்லை; தனக்குத் தெரியவில்லை என்பதுகூட அதற்குத் தெரியவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

ஓக் ரிட்ஜ் ஆட்களும் இதை மறைக்கவில்லை. 2021இல் அயனா கோஷ் முதலியோர் எழுதிய கட்டுரை இந்தச் சிக்கலைத்தான் எடுத்துக்கொண்டது. ஒரே ஒரு வலையமைப்பை நம்பாமல் பலவற்றைப் பழக்கி, அவை எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே சண்டை போடுகின்றன என்று பார்த்தார்கள். சண்டை போடும் இடத்தில் "எனக்குத் தெரியவில்லை" என்று அர்த்தம். தெரியாது என்பதற்கும் ஒரு எண் கிடைத்துவிட்டது. அந்த எண்தான் அடுத்த கட்டத்தின் சாவி.

இங்கே ஒரு தங்கச் சுரங்கத்துக்குப் போய்வர வேண்டும். தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்ட் பகுதியில் தங்கம் எங்கே எவ்வளவு இருக்கும் என்று துளை போட்டுப் பார்ப்பார்கள். ஒவ்வொரு துளைக்கும் காசு. போர்வெல் போட்டவர்களுக்கு இந்த வயிற்றெரிச்சல் நன்றாகத் தெரியும். டேனி கிரீக் என்ற சுரங்கப் பொறியாளர் 1951இல் தன் முதுநிலை ஆய்வேட்டில், போட்ட சில துளைகளை வைத்துப் போடாத இடத்தில் என்ன இருக்கும் என்று புள்ளியியல் முறையில் கணிக்க வழி சொன்னார். பிரான்சின் ஜார்ஜ் மாத்தரோன் அதைக் கணித அடிப்படையில் நிறுத்தி, கிரீக்கின் பெயரையே வைத்து கிரீகிங் என்றார். மெஷின் லேர்னிங் உலகில் இன்று காசியன் ப்ராசஸ் என்று சொல்வது அடிப்படையில் இதே சரக்கு. அளக்காத இடத்துக்கு ஒரு மதிப்பைச் சொல்லும். அதோடு, அந்த மதிப்பை எவ்வளவு நம்பலாம் என்பதையும் சொல்லும். நம்பிக்கை குறைந்த இடத்தில் அடுத்த துளையைப் போடலாம், அல்லது தங்கம் அதிகம் இருக்கும் என்று தோன்றும் இடத்தில் போடலாம். எதை எவ்வளவு கலப்பது என்பது உங்கள் கையில்.

இதை அப்படியே மைக்ராஸ்கோப்பில் போட்டால் பெரிய லாபம் இல்லை. ஏனென்றால் அது வெறும் இட எண்களை மட்டும் பார்க்கிறது; கண்ணுக்கு எதிரே படம் இருப்பது அதற்குத் தெரியாது. நிலத்தடியைப் பார்க்க முடியாமல் துளை போடுபவருக்கு வேறு வழியில்லை. நம்மிடம்தான் படம் இருக்கிறதே! அதனால் இரண்டையும் முடிச்சுப் போட்டார்கள். ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் ஒரு சின்னப் படத்துண்டை எடுத்து, நரம்பு வலையமைப்பு அதை இரண்டு மூன்று எண்களாகச் சுருக்கும். அந்த எண்களின் மேல் காசியன் ப்ராசஸ் உட்காரும். டீப் கெர்னல் லேர்னிங் என்று பெயர்.

ஓட்டும்போது எப்படி இருக்கும் என்றால்: முதலில் சட்டென்று ஒரு படம். அதில் குருட்டாம்போக்கில் சில புள்ளிகளில் மட்டும் மெதுவான அளவீடு. "இப்படிப்பட்ட தோற்றம் உள்ள இடத்தில் இப்படிப்பட்ட குணம்" என்ற உறவைக் கருவி அப்போதே கற்கத் தொடங்கும். மீதியுள்ள ஆயிரக்கணக்கான புள்ளிகளுக்குக் கணிப்பும் சந்தேக அளவும் வரும். அதை வைத்து அடுத்த ஒரு புள்ளியைத் தேர்ந்தெடுத்து, பீமையோ ஊசிமுனையையோ அங்கே கொண்டுபோய் அளந்து, மறுபடியும் கற்கும். முன்கூட்டி எதையும் பழக்கி வைப்பது இல்லை. அன்றைய சாம்பிள், அன்றைய ஃபோகஸ், அன்றைய பீம், இவற்றிலிருந்தே கற்பதால் நேற்று–இன்று தகராறு பெரும்பாலும் அடிபட்டுப்போகிறது. என் கார்பன் ஃபிலிம் கதை ஞாபகம் இருக்கிறதல்லவா, அதற்கு இதுதான் மருந்து.

2022இல் யாங்டாவ் லியு முதலியோர் லெட் டைட்டனேட் என்ற ஃபெர்ரோஎலக்ட்ரிக் பொருளில் இதைச் செய்துகாட்டினார்கள். ஃபெர்ரோஎலக்ட்ரிக் பொருளுக்குள் மின்முனைப்பு (நேர், எதிர் மின்சுமைகள் சற்று விலகி நிற்பது) ஒரு பகுதியில் ஒரு திசை, பக்கத்துப் பகுதியில் வேறு திசை என்று இருக்கும். வயல்களும் நடுவே வரப்புகளும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். மின்னழுத்தம் கொடுத்தால் திசை புரளும். எங்கே எப்படிப் புரள்கிறது என்பதுதான் கேள்வி. புரளும்போது வரும் வளைகோட்டின் பரப்பளவு பெரிதாக உள்ள இடத்தைத் தேடு என்று கருவியிடம் சொன்னார்கள். அது தானாக எல்லைகளைத் தேடிப் போனது. வரப்பு என்று ஒன்று இருப்பதை அதற்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எனக்கு இன்னும் பிடித்தது அடுத்த பகுதி: தேடச் சொன்ன அளவுகோலை மாற்றினால் கருவி நடக்கும் பாதையும் மாறுகிறது. போன இடங்களின் வரிசையே ஒரு தகவல்.

அதே வருடம் கெவின் ரோக்கப்ரியோர் முதலியோர் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் இதே உத்தியைப் போட்டார்கள். எடுத்துக்கொண்டது மாங்கனீஸ், பாஸ்பரஸ், கந்தகம் மூன்றும் சேர்ந்த ஓர் அடுக்குப் பொருள். பீம் பட்டால் கெடும் வகை. எல்லா இடத்தையும் நிதானமாக அளக்கவே முடியாது. இருக்கிற சிக்கனத்தில் அதன் ஓரங்களில் எலக்ட்ரான்கள் கூட்டாக அதிரும் ஒரு விதத்தை, விளிம்புப் பிளாஸ்மான் என்பார்கள், கண்டுபிடித்தார்கள். இந்த வேலையில்தான் இந்த முறையின் நியாயம் எனக்குப் புரிந்தது. நேரம் மிச்சம் என்பது சின்ன விஷயம். முழுக்க அளந்தால் அழிந்துவிடும் பொருளில், தேர்ந்தெடுத்து அளப்பதைத் தவிர வேறு வழியே இல்லை.

இவ்வளவு சொன்ன பிறகு ஒரு எச்சரிக்கை. தானே இயங்கும் ஆய்வகம், விஞ்ஞானி தேவையில்லை என்றெல்லாம் செய்திகளில் படிப்பீர்கள். "வளைகோட்டின் பரப்பளவைத் தேடு" என்று சொன்னது யார்? மனிதர்தான். எது சுவாரசியம் என்று கருவிக்குத் தெரியாது. நாம் ஓர் எண்ணாகச் சொல்ல வேண்டும். தப்பான எண்ணைச் சொன்னால் அது விசுவாசமாகத் தப்பான இடத்துக்கு ஓடும். சாம்பிள் மேல் தூசி விழுந்திருந்து, அந்தத் தூசியில் சிக்னல் அதிகம் என்றால், அன்று முழுக்கத் தூசியையே சுற்றிச் சுற்றி அளந்துகொண்டிருக்கும். இந்தக் குழுவினர் ஆள் நடுவில் இருந்து பாதையைத் திருத்தும் முறையைப் பற்றி நிறைய எழுதுகிறார்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் ஆள் தலையிட வேண்டாம். ஓட்டம் எப்படிப் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்து, கொள்கையை மாற்றினால் போதும். டிரைவர் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு, வழி சொல்பவராகப் பக்கத்து சீட்டில் உட்காருவதுபோல. அது சின்ன வேலை இல்லை.

இன்னொரு தடை, யாரும் அதிகம் பேசாதது: கருவிக்குள் நுழைவதே கஷ்டம். கோடிக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய மைக்ராஸ்கோப்பில் "பீமை இந்தப் புள்ளிக்கு நகர்த்து" என்று வெளியிலிருந்து நிரல் வழியாகச் சொல்ல, நீண்ட காலம் பல கருவிகளில் வழி இல்லை, அல்லது தனியாகக் காசு. ஓக் ரிட்ஜில் இந்தச் சோதனைகள் சீக்கிரம் கைகூடியதற்கு ஒரு காரணம், அங்கே நியான் கம்பெனியின் மைக்ராஸ்கோப் இருந்ததும், அதை ஓட்டும் மென்பொருள் பைதான் என்ற நிரல் மொழியில் எழுதப்பட்டுத் திறந்து கிடந்ததும். நியானை ஆரம்பித்தவர்களில் ஒருவரான ஒண்ட்ரெய் கிரிவானெக், லென்ஸின் பிறழ்ச்சியைத் திருத்தும் தொழில்நுட்பத்துக்காக 2020இல் மற்ற மூவரோடு கவ்லி பரிசு பெற்றவர். ஊசிமுனைக் கருவிகளுக்கு யாங்டாவ் லியு முதலியோர் தனியாக ஒரு பைதான் இடைமுகமே எழுதினார்கள். பெரிய கம்பெனிகளும் இப்போது கதவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கின்றன.

கணினி சேர்ந்த மைக்ராஸ்கோப் எல்லாமே ஏஐ என்றும் நினைத்துவிட வேண்டாம். கார்னெல் பல்கலைக்கழகத்தில் டேவிட் மல்லர் குழு 2018இல் 0.39 ஆங்ஸ்ட்ரம் (ஒரு நானோமீட்டரில் பத்தில் ஒரு பங்கு ஒரு ஆங்ஸ்ட்ரம்) வரை பிரித்துப் பார்த்தது. அங்கே சிறப்பு டிடெக்டரும், சிதறல் வடிவங்களிலிருந்து படத்தைத் திரும்பக் கட்டும் டைக்கோகிராஃபி என்ற கணக்கும்தான் வேலை செய்தன. கற்றுக்கொள்ளும் நிரல் எதுவும் அந்தச் சாதனைக்குத் தேவைப்படவில்லை. கார்னெல் கேட்டது "எவ்வளவு கூர்மையாகப் பார்க்கலாம்" என்று. நாக்ஸ்வில் கேட்பது "எங்கே பார்க்கலாம்" என்று.

அப்புறம் ஒரு கிளைக் கதை. பொருளைக் கெடுக்கும் அதே பீமைக் கருவியாக்கிவிட்டால்? 2016இல் கலினினும் அவருடைய சகாக்களும் நேச்சர் இதழில் இதைப் பற்றி எழுதினார்கள். அடுத்த வருடமே ஓக் ரிட்ஜில் கிராஃபீன் என்ற, ஒரே அணு தடிமனுள்ள கார்பன் தாளுக்குள் சிலிக்கான் அணுக்களை எலக்ட்ரான் பீமால் செருகினார்கள். வியன்னாவில் தோமா சுசி குழு சிலிக்கான் அணுவை விரும்பிய பாதையில் நகர்த்திக் காட்டியது. ஆள் உட்கார்ந்து ஒவ்வொரு அணுவாகத் தள்ளுவது பொறுமையைச் சோதிக்கும் வேலை. பார்த்து, முடிவெடுத்து, தள்ளி, மறுபடி பார்க்கும் சுற்றைக் கணினியிடம் விட வேண்டும் என்ற ஆசைக்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, போகலாமா? மெட்டீரியல்ஸ் படித்தவர் என்றால் தாராளமாக. கணினி படித்தவரைவிட உங்களுக்குத்தான் இங்கே சாதகம் என்பது என் கருத்து. எந்த எண்ணைத் தேடச் சொல்ல வேண்டும் என்பது பொருளைப் பற்றிய அறிவிலிருந்து வருகிறது. பைதானை ஆறு மாதத்தில் பழகிவிடலாம். நாக்ஸ்வில்லிலேயே கெர்ட் டுஷர் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பிலும், மஹ்ஷித் அஹ்மதி பெரோவ்ஸ்கைட் (சோலார் செல்லுக்கு உதவும் ஒரு படிக வகை) பொருள்களைத் தானியங்கி முறையில் தயாரிப்பதிலும் வேலை செய்கிறார்கள். விண்ணப்பிக்கும்போது கலினின் பெயரை மட்டும் பார்க்காமல் அந்தத் துறையையே பாருங்கள். நிதி எங்கிருந்து வருகிறது, மைக்ராஸ்கோப்பில் உங்கள் கைக்கு மாதம் எத்தனை மணி நேரம் கிடைக்கும் என்பதை நேர்காணலிலேயே கேட்டுவிடுங்கள். கூச்சப்பட வேண்டாம், நல்ல குழு என்றால் இதற்கு நேரான பதில் சொல்வார்கள்.

அதற்கு முன்னால், கருவி இல்லாமலே தொட்டுப் பார்க்க வழி இருக்கிறது. இந்தக் குழு மைக்ராஸ்கோப்பின் டிஜிட்டல் இரட்டையர்களை வெளியிட்டிருக்கிறது. முன்பே முழுக்க அளந்த தரவை உள்ளே வைத்து, நிஜக் கருவிபோலவே புள்ளி புள்ளியாகக் கேட்டால் விடை தரும் நிரல் அது. 2024 டிசம்பரில் இவற்றை வைத்து ஒரு ஹேக்கத்தான்கூட (நிரல் எழுதும் போட்டி) நடத்தினார்கள். முதலில் ஒரு படத்தில் குருட்டாம்போக்கில் நூறு புள்ளி அளந்து பாருங்கள். பிறகு அதே நூறைக் காசியன் ப்ராசஸைத் தேர்ந்தெடுக்க விடுங்கள். அதற்குப் பிறகு நீங்களே மவுஸால் நூறு புள்ளியைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். மூன்றையும் ஒப்பிட்டுவிட்டுப் பேராசிரியருக்கு மின்னஞ்சல் எழுதினால், முதல் வரியில் எழுத உங்களிடம் ஏதாவது இருக்கும்.